அரைஞாண் கயிற்றில் பேனல் சாவி

சிவகாசியை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுச் சாத்தூர் ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ரெக்சின் பை. அதற்குள் மல்டிமீட்டர், ஸ்குரூ டிரைவர்கள், ஒரு மாற்றுச் சட்டை, ஒரு கைலி, ஒரு சைக்கிள் பூட்டு. சைக்கிள் கிடையாது. அது ராஜபாளையத்தில் திருடு போனது. டீக்கடையில் பூட்டைப் போட மறந்து கையிலேயே வைத்திருந்தேன். அதனால் பூட்டு மட்டும் மிஞ்சியது.

காலண்டர் அடிக்கிற பிரஸ் ஒன்றில் அதுவரை வேலை. இங்க் காயவைக்கிற டிரையரின் பேனலுக்குள் கையை விட்டு ஒயரை மாற்றிக்கொண்டிருந்தேன். அதே மெயினில்தான் மேனேஜர் ரூம் ஃபேனும் இருந்தது. அவருக்கு வேர்த்திருக்கிறது. எழுந்து வந்து மெயினைப் போட்டுவிட்டார். கைமுடி கருகியதோடு தப்பித்தேன். அவர் எட்டிப் பார்த்து, "ஒன்னும் ஆகலைல? அப்ப வேலையப் பாரு" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன்.

படிப்பு எட்டாவதோடு நின்றது. திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் பேனல் கட்டுகிற கம்பெனி, நாமக்கல்லில் தீவன மில் என்று சுற்றியதில் கற்றதுதான் இந்த வேலை. இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னைவிட நிறையப் படித்தவர்கள். அவர்களுக்குப் புத்தகத்தில் இருப்பதை நான் சொல்லப்போவதில்லை. சந்தனத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

வேன்

பின்னால் ஹாரன் சத்தம் கேட்டது. தீப்பெட்டி கம்பெனிக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன். முன்சீட்டிலிருந்து ஒரு அம்மாள் தலையை நீட்டினார். அவர்தான் பாக்கியத்தக்கா. குச்சி காயவைக்கிற காய்ச்சல் ரூமின் சூப்பர்வைசர்.

"ஏ தம்பி, பைக்குள்ளருந்து டெஸ்டரு எட்டிப் பாக்குதே. கரண்டு வேல தெரியுமா?"

"தெரியும்க்கா."

"நெசமாத் தெரியுமா, இல்ல காது கொடைய வச்சிருக்கீகளா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. ஏறிக்கொண்டேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதை என் வயிறே சொல்லிவிட, யாரோ ஒரு பொட்டலம் சேவை நீட்டினார்கள். அதைக் கொறித்துக்கொண்டே அக்கா சொன்னதைக் கேட்டேன்.

மருந்தில் முக்கியெடுத்த தீக்குச்சிகள் சட்டம் சட்டமாகக் காய்ச்சல் ரூமுக்கு வரும். அங்கே ஹீட்டர் வெந்நீர்ப் பதத்துக்குக் கீழே காற்றைச் சூடாக்கி ஊதும். மூலைக்கு ஒன்றாக நான்கு சென்சார்கள் சூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் ஒயர்கள் தனியாக இருக்கும் பேனல் ரூமுக்குப் போய், ஒரு சின்ன கார்டில் சேரும். அதுதான் டெம்பரேச்சர் இன்புட் மாட்யூல். அது சொல்வதைக் கேட்டுத்தான் பி.எல்.சி. என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் ஹீட்டரைப் போடும், அணைக்கும். அது பொய் சொன்னால் பி.எல்.சி.யும் அதை நம்பிவிடும்.

போன வாரம் பொய் சொல்லியிருக்கிறது.

"டிஸ்பிளேல அம்பதுன்னு நிக்கி. உள்ள போனா மூஞ்சி வேகுது. குச்சியில மெழுகு சொட்டுது. எல்லாத்தையும் வெளிய வெரட்டிட்டு ஓடிப்போய் மெயினப் புடுங்குனேன்" என்றார் அக்கா. "புது மாட்யூலு பார்சல்ல வந்து கெடக்கு. மாட்டுற இஞ்சினியரு கோயமுத்தூர்ல கல்யாணம்னு போயிட்டாரு. அவரு வந்துருவாருன்னு நேத்து முக்குன குச்சி சட்டத்துல நிக்கி. இன்னைக்குக் காயலைன்னா அம்புட்டும் வீணு."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "மொதலாளிக்கு இன்னைக்கு ஓடணும். எனக்கு அது நெசம் சொல்லணும். என் பிள்ளைக ஆறு பேரு உள்ள நிக்காக."

சாவி

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். தீப்பெட்டி கம்பெனிக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. காய்ச்சல் ரூம் வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருந்தது. உள்ளே போகும் ஒவ்வொரு பெண்ணும் கோயில் படியைத் தொடுவது போல அதைத் தொட்டுவிட்டுப் போவாள். துணி உரசி உடம்பில் சேர்ந்திருக்கும் ஸ்டாட்டிக் கரண்டு மண்ணுக்குள் இறங்கிவிடும்.

முதலாளி தர்மர் அண்ணாச்சி பேனல் ரூம் வாசலிலேயே நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்.

"வாங்க வாங்க. நல்ல நேரம் முடியுறதுக்குள்ள ஓட்டிரலாமா?"

நான் முதலில் மெயினை இறக்கி, அதன் கைப்பிடி ஓட்டையில் என் சைக்கிள் பூட்டை மாட்டிப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்தேன்.

அண்ணாச்சி பூட்டைப் பார்த்தார். என் இடுப்பைப் பார்த்தார். "ஏலே, என் கம்பெனிய எனக்கே பூட்டுறியா?"

"வேல முடிஞ்சதும் தெறந்துருவேன் அண்ணாச்சி."

"சாவிய மேசைல வைக்கலாம்ல?"

"மேசைல வச்சா யாருக்காவது வேர்க்கும் அண்ணாச்சி."

அவருக்குப் புரியவில்லை. என் கருகிய கைமுடியைப் பார்த்த அக்காவுக்குப் புரிந்தது. "கட்டுனது கட்டுனபடி இருக்கட்டும் மொதலாளி" என்றார்.

பொருத்தம்

மீட்டரை வைத்துக் கரண்டு செத்துவிட்டதா என்று பார்த்தேன். பேனலின் எர்த் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் மாட்யூல் வந்த வெள்ளிக் கவரைப் பிரித்தேன். பெண்கள் வாசலில் செய்வது குச்சிக்காக, நான் செய்தது கார்டுக்காக. நம் விரலில் நமக்கே தெரியாமல் இருக்கும் ஸ்டாட்டிக் போதும், உள்ளே இருக்கும் சிப்பைக் கொல்ல. ஓரத்தைப் பிடித்துப் பழைய கார்டு இருந்த அதே இடத்தில் தள்ளி மாட்டினேன். பழையதும் புதியதும் ஒரே மாடல்தானா, சென்சார் வகை ஒன்றாக செட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

அங்கிருந்த சென்சார் ஒயரில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். வீட்டு ஒயரிங் செய்துவிட்டு வருபவர்கள் சிவப்பைப் பிளஸில் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் சூடு ஏற ஏற டிஸ்பிளேயில் எண் இறங்கும். குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டர் இன்னும் ஊதும். ஊருக்கு ஊர் நிறமும் மாறும் என்பதால் ஒயரோடு வந்த தாளைப் பார்த்துவிடுவது நல்லது.

பூட்டை ஹீட்டர் பிரேக்கருக்கு மாற்றிவிட்டு, கார்டுக்கு மட்டும் கரண்டு கொடுத்தேன். ரோஸ்மில்க் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவரச் சொல்லி, டம்ளரில் தண்ணீரோடு போட்டு ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி முக்கினேன். டிஸ்பிளே சைபர் காட்டியது.

"சைபரா? என்னலே, புதுசும் போச்சா?" அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"ஐஸ் சைபர்தான் அண்ணாச்சி. அப்படித்தான் காட்டணும்."

பிறகு டீ போடுகிற வெந்நீர். நூறுக்குப் பக்கத்தில் வந்ததும்தான் அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். சென்சார்களைத் திரும்ப அதனதன் இடத்தில் முடுக்குவதற்காகக் காய்ச்சல் ரூமுக்குள் போனேன். பேனல் கதவு திறந்தே இருந்தது.

சந்தனம்

திரும்பி வந்தபோது பேனல் ரூமில் மணம் தூக்கியது. அண்ணாச்சி தட்டோடு நின்றார். தட்டில் பூ, எலுமிச்சம்பழம், பேட்டரியில் எரிகிற குட்டி பிளாஸ்டிக் விளக்கு. இந்தக் கம்பெனியில் சூடம் கொளுத்த முடியாது என்பதால் சாமிக்கு எல்.இ.டி. ஆராதனைதான்.

புது மெஷின் எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட்டுவதில்லை. அதில் தப்பில்லை. ஆனால் அண்ணாச்சி கார்டின் ஸ்குரூ ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் குழைத்த சந்தனம் வைத்திருந்தார். அதற்கு மேலே மஞ்சள் ஒயருக்கு மஞ்சள், சிவப்பு ஒயருக்குக் குங்குமம்.

"பொருத்தமா இருக்குல?" என்றார் சந்தோஷமாக.

நான் டிஸ்பிளேயைப் பார்த்தேன். ஹீட்டர் ஓடவில்லை. நான்கு மூலையும் ஒரே சூடு காட்ட வேண்டும். ஒரு மூலையில் முப்பத்தைந்து, ஒரு மூலையில் எழுபது, இன்னொன்றில் மைனஸ். ஒரே ரூமுக்குள் ஒரு பக்கம் கொடைக்கானல், மறுபக்கம் கத்திரி வெயில்.

"புதுசுல்ல, பழகணும்" என்றார் அண்ணாச்சி.

சென்சார் அனுப்புவது கரண்டு என்று சொல்லவே முடியாத அளவு துளிக் கரண்டு. ஈரச் சந்தனமும் குங்குமமும் இரண்டு ஸ்குரூவுக்கு நடுவே பாலம் போட்டுவிட்டன. அதோடு அவையே ஒரு பேட்டரி மாதிரி வேலை செய்யத் தொடங்கிவிட்டன. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பேனல் ஃபேன் காற்றில் சந்தனம் காய்ந்தது. எண்கள் ஒன்றையொன்று நெருங்கின. கடைசியில் நான்கும் முப்பத்தைந்தில் வந்து நின்றன.

அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாத்தீகளா! சாமியே சரி பண்ணிட்டாரு. பூட்டத் தெறங்க, நல்ல நேரம் முடியப்போகுது."

"இது சரியாகலை அண்ணாச்சி. காஞ்சிருக்கு, அம்புட்டுதான்."

"எண்ணு சரியா இருக்குல்ல? சாவியக் குடுங்க."

"கயித்தோடதான் வரும் அண்ணாச்சி. கயித்தோட எடுத்தா கைலியும் வரும்."

வாசலில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பாக்கியத்தக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, இத ஓட்டுனா நீங்க எங்ககூட உள்ள நிப்பீகளா?" என்று கேட்டார்.

"நிக்க மாட்டேன்க்கா."

"அப்ப நாங்களும் நிக்க மாட்டோம்."

அண்ணாச்சி முகம் சுருங்கியது. எப்படிச் சொன்னால் அவருக்குப் புரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கார்டுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், கண்ணாடி துடைக்கப்போவது போல "ஹா" என்று மூச்சு விட்டேன். முப்பத்தைந்து துள்ளி அறுபதுக்குப் போனது.

"எங்கன, தள்ளுங்க" என்று வந்தார் அண்ணாச்சி. நல்ல உடம்பு. இழுத்து ஒரு "ஹா" விட்டார். தொண்ணூறு. அவருக்கே ஒரு பெருமை. பிறகு வாட்ச்மேன் வந்து விட்டார், வேன் டிரைவர் விட்டார். கடைசியாக வெற்றிலை போட்ட வாயோடு அக்கா விட்டபோது டிஸ்பிளே நூற்றைத் தாண்டியது.

"ஏலே, எனக்குத் தொண்ணூறுதான வந்துச்சு!" என்றார் அண்ணாச்சி.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டார். "மொதலாளி, நம்ம விட்டதுக்கே இந்த ஆட்டம் ஆடுது. ஐப்பசி ஈரத்துல வானமே இது மேல ஹான்னு மூச்சு விடும். ஒரு மூலைல ஏத்திக் காட்டும், ஒரு மூலைல எறக்கிக் காட்டும். எறக்கிக் காட்டுற அன்னைக்கு உள்ள நிக்கிறது நாங்கல்ல?"

அண்ணாச்சி காலண்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "எப்படித் துடைக்கணும்?" என்றார்.

கரண்டை நிறுத்தினேன். கார்டின் முன்னால் இருக்கும் கனெக்டர் கழற்றக்கூடியது. அதைக் கழற்றிக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனோம். துடைக்கிற ஸ்பிரிட் தீப்பற்றும், அதையும் கம்பெனிக்குள் கொண்டுவரக் கூடாதே. வாட்ச்மேன் ஸ்டூலில் அமர்ந்து, புது டூத் பிரஷ்ஷால் முதலாளியே தேய்த்தார். ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். நன்றாகக் காயவைத்துத் திரும்ப மாட்டினேன். மறுபடி ஆளாளுக்கு "ஹா" விட்டார்கள். எண் அசையவில்லை. அண்ணாச்சி மட்டும் நம்பாமல் மூன்றாவது முறையும் விட்டார்.

நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. ஆட்களை வெளியே நிறுத்தி, பூட்டைத் திறந்து ஹீட்டரைப் போட்டேன். அக்கா உள்ளே தொங்கவிட்ட கண்ணாடித் தெர்மாமீட்டரும் டிஸ்பிளேயும் ஒன்றாக ஏறி ஒன்றாக நின்றன. அக்கா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். ஆறு பேரும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். அண்ணாச்சி மூடிய பேனல் கதவின் வெளிப்பக்கம் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

மறுநாள்

அன்று சாயங்காலமே அண்ணாச்சி தன் மச்சினனுக்குப் போன் போட்டிருந்தார். எம். புதுப்பட்டியில் அவருக்குப் பட்டாசு கம்பெனி. "ஆளு வேலக்காரன்தான். ஆனா சாவிய மட்டும் கேட்டுறாத. இடுப்புல கட்டிருக்கான்."

மறுநாள் காலை புதுப்பட்டி வேனில் போனேன். நடந்து வந்த ரோட்டிலேயே திரும்பிப் போய், அந்தப் பிரஸ்ஸையும் தாண்டிப் போனது வேன். மேனேஜர் ரூம் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

வெடிக்குக் காகிதக் குழாய் காயவைக்கிற ரூமுக்குப் புதுப் பேனல் இறங்கியிருந்தது. வெடிமருந்து இருக்கிற பக்கத்திலிருந்து தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் வாசலில் செம்புத் தகடு. தொட்டுவிட்டு உள்ளே போனேன். மச்சினன் ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அத்தான் சொன்னாக. எங்கன வைக்கணும்னு நீங்களே காட்டிருங்க."

மாட்யூல் மாட்டப் போகிற பிள்ளைகளுக்கு என் புத்திமதி இவ்வளவுதான்: முதலில் பூட்டு, பிறகு வேலை. சாமி கும்பிட வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். கும்பிட ஓர் இடத்தைக் காட்டுங்கள். நான் கதவின் வெளிப்பக்கத்தைக் காட்டினேன்.

"அம்புட்டுதானா? மிச்சத்த என்ன செய்ய?"

நெற்றியைக் காட்டினேன். அப்பினார். பையிலிருந்து சைக்கிள் பூட்டை எடுத்து மெயினில் மாட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.