ஸ்டாண்டு வைக்காத ஐந்தாவது முறை

திண்டிவனத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் பழைய அம்பாசிடரின் முன்பக்கம், இடதுபுறம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது. ஓய்வுபெற்றவனுக்குத் தூக்கம் கெட அது போதும்.

ஜாக்கியில் தூக்கி, அது சரிந்தாலும் வண்டியைத் தாங்க இரும்பு ஸ்டாண்டு வைத்து, அடியில் படுத்து, முன்பக்க உயரத்தைத் தீர்மானிக்கும் முறுக்குக் கம்பியைச் சரிசெய்து, மறுபடி இறக்கித்தான் உயரத்தை அளக்க முடியும். நான்கு தடவை முறைப்படி செய்தேன். ஐந்தாவது தடவை, இன்னும் ஒரு நூல் அளவுதானே என்று ஸ்டாண்டு வைக்காமல் நுழைந்துவிட்டேன்.

ஈர மண்ணில் ஜாக்கி சாய ஆரம்பித்தது. வண்டி என் நெஞ்சுக்கு நான்கு விரல் மேலே வந்து நடுங்கியது. நகர்ந்தால் ஜாக்கியை இடித்துவிடுவேன். மனைவியைக் கூப்பிட்ட குரல் எனக்கே கேட்கவில்லை.

எப்படியோ காதில் விழுந்து ஓடிவந்தாள். "ஐயோ, அசையாதீங்க! ஸ்டாண்ட எடுத்துக்கினு வந்துட்டேன். எங்க வைக்கணும், சொல்லுங்க!"

எல்லா விதியும் தெரிந்த நான் சாயும் ஜாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே இடம் பார்த்து ஸ்டாண்டை வண்டிக்கு அடியில் தள்ளினாள். ஜாக்கி சரிந்தது, ஸ்டாண்டு தாங்கியது.

"அளந்தது போதும், வெளிய வாங்க" என்று அழுதாள்.

விழுப்புரத்தில் ஒரு பணிமனையின் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த காலத்தில், எத்தனையோ விபத்து அறிக்கைகளில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறேன். அன்று நான் கவனமாகத்தான் இருந்தேன், அந்த ஒரு நூலில். அந்தத் தொழிலாளிகளும் அப்படித்தான் இருந்திருப்பார்கள்.