ரவூப் காக்கா முதலில் இழுத்துப் பார்க்கும் காற்று

ரவூப் காக்கா மௌத்தாகிட்டார்... சுபஹுத் தொழுகைக்கு எழும்பவே இல்லையாம். ஹார்ட்.

சாய்ந்தமருதில் சங்கு குளிக்கக் கடலில் இறங்கும் எங்கள் போட்டுக்கு, காற்று டேங்க் நிரப்புகிற மனிதர். கொம்ப்ரஷருக்கும் உங்களுக்கும் ஒரே சத்தம் என்று நக்கலடிப்போம்.

சுத்தம் என்றால் பைத்தியம். கடலால் வந்ததும் மாஸ்க், ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கிணற்றுத் தண்ணீரில் அலசாமல் வீட்டுக்குப் போகமாட்டார்.

ஒரு நாள் போட்டில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "கொம்ப்ரஷர் ஃபில்டருக்குள்ள கிடந்த கறுப்பு மணியையும் நேத்து நல்லா அலசிக் காயவெச்சுப் போட்டுட்டன் மனே."

பிளேன்டீக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அந்த மணி மங்கனீசும் செம்பும் கலந்த ஒட்சைட்டு. கொம்ப்ரஷர் எஞ்சினின் புகை உள்ளே வந்தால், அதிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவை ஒட்சிசனோடு சேரவைத்து விஷத்தை முறிப்பது அதுதான். தண்ணீர் பட்டால் செத்த மாதிரி... வெயிலில் காயவைத்தும் பிரயோசனமில்லை.

"காக்கா, நேத்து நிரப்பக்குள்ள புகை எந்தப் பக்கம் போச்சு?"

"காத்து கிறுகி, புகை ஷெட்டுக்குள்ளதான் சுத்தின. ஏன் மனே?"

அந்த டேங்க்கோடு என் தம்பி கீழே, கடலடியில் இருந்தான்.

சிக்னல் கயிற்றை இழுத்தேன். பதில் இல்லை. திரும்ப இழுத்தேன்... கயிறு எங்கோ கல்லில் சிக்கிக் கிடந்தது.

காக்கா கட்டியிருந்த சாரத்தோடேயே கடலில் பாய்ந்துவிட்டார். டேங்க் இல்லை, மாஸ்க் இல்லை. எனக்குத் தெரிந்த ஓதலெல்லாம் ஓதினேன், பாதியில் பாதியில் மறந்தது.

தம்பியைக் கக்கத்தில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். தம்பி வாந்தி எடுத்தான்... அல்ஹம்துலில்லாஹ், மூச்சு இருந்தது.

"உங்கட உம்மாட முகத்துல நான் எப்புடிடா முழிக்கிற?" கரைக்கு வரும்வரை இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டேங்க்கையும் முதலில் தானே வாயில் வைத்து இழுப்பார். தலை சுற்றுகிறதா, வலிக்கிறதா... நாங்கள் சுற்றி நின்று அவர் முகத்தையே பார்ப்போம்.

புது மணி போட்டு, காற்றில் விஷம் இருந்தால் காட்டும் மீட்டர் வாங்கின பிறகும் விடவில்லை. "மீட்டருக்குத் தலை வலிக்குமா?" என்று சண்டைக்கு வருவார்.

எனக்குக் கோபம் கோபமாக வரும். "புகை இருந்தா முதல்ல மௌத்தாகிற நீங்கதானே காக்கா!" என்று ஒருநாள் கத்தியே விட்டேன்.

"ஓம், அதுக்குத்தானே" என்றார்.

இன்று காலை டேங்க் எல்லாம் நிரம்பித்தான் இருக்கிறது. மீட்டரும் சரி என்கிறது. தம்பி ஒன்றையும் தொடவில்லை... காக்காவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கப் போய்விட்டான்.

சொர்க்கத்துக் காத்து உங்கட கப்றுக் குழிக்குள்ள வரட்டும், காக்கா.