இரண்டு அடுக்காக நின்ற பெட்ரோல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். திருவொற்றியூரில் என் மெக்கானிக் கடைக்கு வருகிற எல்லாருக்கும் இது தெரியும். வண்டியை ஒழுங்காகப் பார்க்கிறேன் என்பதால் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒரு மழைக்காலத்தில் அந்தக் கோபத்தால் ஒருத்தருடைய வேலையே போனது. அதைத்தான் எழுதுகிறேன்.

அந்த மழையில் தினமும் யாராவது பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வண்டி கிளம்பும், நாலு தெரு ஓடும், இருமும், நின்றுவிடும். அதில் ஒன்று சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற ஒருவருடையது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவி மாட்டிக்கொடுத்தேன். மூன்றாம் முறை தள்ளிக்கொண்டு வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த ஆளுக்கு வேலை மறந்துபோச்சு என்கிற பார்வை. அதற்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவர் போனதும் டேங்கில் இருந்ததை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது இரண்டு அடுக்காக நின்றது. மேலே பெட்ரோல், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் மாதிரி ஒன்று. பெட்ரோலில் தண்ணீர் நிற்பது எனக்குப் புதிதில்லை. டேங்க் மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால் மழை உள்ளே இறங்கும், ஆனால் அது அடியில் கோலிக்குண்டு அளவுக்குத்தான் உருண்டு நிற்கும். இவ்வளவு தண்ணீர் மூடி வழியாக வராது, பங்க்கில்தான் கலக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இருபத்தைந்து வருஷ அனுபவம் அப்படித்தான் சொன்னது.

பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேராக அவர் பெட்ரோல் போட்ட பங்க்குக்குப் போனேன். அங்கே பல வருஷமாகப் பெட்ரோல் போடுகிற அம்மா ஒருத்தர் உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் "ஜீரோ பாத்துக்கோணா" என்று சொல்லி, மீட்டரைப் பார்க்கவைத்த பிறகுதான் குழாயை நீட்டுவார். போனில் பேசிக்கொண்டே நிற்கிறவனைக்கூட விடமாட்டார். அப்பேர்ப்பட்டவரின் முகத்துக்கு நேரே பாட்டிலை நீட்டினேன்.

"இன்னாமா, தண்ணிய கலந்து ஊத்திகினு கீறீங்களா?"

"காலைல கோல் வுட்டுப் பாத்தோம்ணா. தண்ணி இல்லணா."

தினமும் காலையில் ஒரு கோலின் நுனியில் பசை தடவி, தரைக்கடியில் இருக்கிற தொட்டிக்குள் இறக்குவார்கள். தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறும். இது எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அவர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவர் அதைப் படம் பிடித்தார். சாயங்காலம் அந்த வீடியோ என் போனுக்கே வந்தது. கடைக்கு வந்தவர்கள் சரியாகக் கேட்டீர்கள் என்றார்கள். லோடுக்காரரும் பழையபடி சிரித்துப் பேசினார். மறைக்க என்ன இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து என் சொந்த மொபெட் நின்றது. அதற்குப் பெட்ரோல் போட்டது மணலிப் பக்கம் வேறொரு பங்க்கில். மழையில் கடை வாசலில் கிழிந்த தார்ப்பாயின் கீழ் நின்ற வண்டி. டேங்கைக் காலி செய்து பாட்டிலில் பிடித்தால், அதே இரண்டு அடுக்கு.

அந்தம்மாவின் பங்க்கிலிருந்தே புதுப் பெட்ரோல் வாங்கிவரக் கடைப் பையனிடம் சொல்லி, சின்ன பாட்டிலில் ஊற்றிப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. நானே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கினேன். முதலில் கலங்கியது. பிறகு அடியில் தங்கியது நான் விட்ட தண்ணீரைவிட அதிகமாக இருந்தது. இப்போது வருகிற பெட்ரோலில், கரும்பிலிருந்தும் அரிசியிலிருந்தும் எடுக்கிற எத்தனால் கலந்திருக்கிறது. டேங்குக்குள் தண்ணீர் போதுமான அளவு சேர்ந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டு தண்ணீரோடு சேர்ந்து அடிக்கு இறங்கிவிடுகிறது. லோடுக்காரர் வண்டியில் இறங்கியது மழைத் தண்ணீர்தான், அதுவும் கொஞ்சம்தான். தேய்ந்த மூடி ரப்பரை மாற்றாமல் விட்டவன் நான்.

எத்தனால் கலக்கிற சேதி பங்க் பம்பிலேயே ஒட்டியிருக்கிறது. டிவியில் அதைப் பற்றி ஓயாமல் சண்டை. கரும்பு விவசாயி பிழைப்பான் என்கிறார் ஒருவர், சாப்பிடுகிற அரிசியை எரிக்கலாமா என்கிறார் இன்னொருவர். நான் சேனலை மாற்றிவிடுவேன். புகை குறையும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மணலி ஆலைப் புகையோடு காற்று திரும்பினால் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் நாங்கள். ஆனால் பழைய வண்டியின் மூடி ரப்பரைப் பற்றி அந்தச் சண்டையில் யாரும் பேசவில்லை. மெக்கானிக்குக்கும் யாரும் சொல்லவில்லை, பெட்ரோல் போடுகிறவருக்கும் சொல்லவில்லை. கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மோதிக்கொண்டோம். டெல்லியில் முடிவெடுத்தவரிடம் நான் கத்த முடியாது. எதிரில் நின்றவர் அந்தம்மா.

பங்க்குக்குப் போனால் அவர் இல்லை. விஷயம் ஆறட்டும், அதுவரை வீட்டில் இரு என்று மேனேஜர் அனுப்பிவிட்டாராம், திரும்பக் கூப்பிடவில்லையாம். இன்னொரு ஊழியரிடம் தெருவைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பக்கத்து இட்லிக் கடைக்காக வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். என் பேரைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் பேரைக் கெடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? அங்கதான கத்துன. அங்க போய்ச் சொல்லுணா."

மறுநாள் சாயங்காலம், வரிசை நீளமாக இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். எல்லார் முன்னாலும் பெட்ரோலில் தண்ணீர் விட்டுக் காட்டினேன். தப்பு என்னுடையது, அந்தம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அன்றைக்குக் கத்தின அதே சத்தத்தில் சொன்னேன். இந்த முறை ஒரு போனும் வெளியே வரவில்லை. வழியை விடுங்க, வீட்டுக்குப் போகணும் என்றார் பின்னால் நின்றவர். மேனேஜர் மட்டும் பாட்டிலைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பங்க்கின் பேரும் இதில் இருக்கிறது என்பதாலோ என்னவோ, மறு வாரம் அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்.

அவர் வந்துவிட்டார். ஆனால் வீடியோ போனபாடில்லை. சிலர் அவரை அடையாளம் தெரிந்துகொண்டு பக்கத்து வரிசைக்கு வண்டியைத் திருப்புவதை நானே பார்த்தேன். என் கடை வண்டிகளை எல்லாம் இப்போது அவர் வரிசையிலேயே நிறுத்துகிறேன். முதல் தடவை அவர் வழக்கம்போல ஜீரோ பார்க்கச் சொன்னபோது, உங்களிடம் நான் பார்க்க வேண்டுமா என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். பெரிய மரியாதை செய்வதாக நினைப்பு எனக்கு.

அவர் குழாயை எடுக்கவே இல்லை.

"நீ பாருணா. நீ பாத்தாதான் பின்னால கீறவன் என்னிய நம்புவான்."

நான் திரும்பி மீட்டரைப் பார்த்தேன். ஜீரோ இருக்கு என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.