என் சுருட்டை முடியைப் பொசுக்கிய குறடு

தேங்காயெண்ணெய் காயும் வாசனை நல்ல வாசனைதான். அதோடு முடி பொசுங்கும் வாசனையும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்... பன்னிரண்டு வருஷமாகியும் அது என் மூக்கை விட்டுப் போகவில்லை.

திருவிதாங்கூரை ரீஜண்டு மகாராணி ஆண்ட காலம் அது. திருவனந்தபுரத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் சும்மா இருந்தேன். எங்கள் சபைப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் இடம் காலியாயிற்று. ஊரில் பி.ஏ. படித்தவன் நான் ஒருவன்தான். ஆளை முடிவு செய்யக் கமிட்டி கூடுவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஒரே குறை, என் தலை. சீப்பு உள்ளே போனால் பல் உடையாமல் வெளியே வராது, அப்படி ஒரு சுருட்டை. கமிட்டியில் பெரிய ஆள் எங்கள் சபை மூப்பர். ஆலய வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொன்னார்:

"தனக்க தலையையே படிய வைக்கத் தெரியாதவன், பிள்ளையள எப்பிடிடே படிய வைப்பான்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றும் வரிசையாகச் சொல்வேன்.

என் மாமா மகன் தாசன் அப்போது மிஷன் துரையின் பங்களாவில் சமையற்கட்டு வேலையில் இருந்தான். அவன்தான் வழி சொன்னான்.

"அத்தான், துரைசானிக்கிட்ட ஒரு கொறடு இருக்கு. கரியில காய வச்சு முடியில பிடிச்சா, நீட்டு முடி அப்பிடியே சுருண்டு போவும்."

"எனக்குச் சுருளவா வேணும்?"

"சுருட்டத் தெரிஞ்ச கொறட்டுக்கு நிமித்தத் தெரியாதா?"

பி.ஏ. படித்த நான் இதை நம்பினேன்.

துரைசானி முட்டம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போன சமயம், யாருக்கும் தெரியாமல் துண்டில் சுற்றிக் குறட்டைக் கொண்டுவந்தான். கரி அடுப்பில் காய வைத்தான். நான் வழக்கம்போலக் காலையிலேயே எண்ணெய் தேய்த்திருந்தேன். எண்ணெயில்லாத தலையோடு வெளியே போனால் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிற ஊர் எங்களுடையது. குறடு பட்டதும் எண்ணெய் பொரிந்தது... தாசன் குறட்டை எடுத்தான். முன்னந்தலை முடியும் அதோடு போனது.

"அத்தான், துரைசானி மொதல்ல கடுதாசியில வச்சுப் பாப்பாவ. கடுதாசி கருகினா ஆற வைப்பாவ."

"இத இப்பமா சொல்லுகது?"

"இப்பந்தானே ஓர்ம வந்து."

அடுத்த இரண்டு வாரம் அம்மா என் தலையை விடவில்லை. கற்றாழைச் சோறு, தேங்காய்ப்பால், செம்பருத்தி இலை அரைத்துத் தலையில் தேய்க்கிற தாளி. ஒன்றும் பலிக்கவில்லை. தப்பிய முடியும் துடைப்பக் குச்சிபோல் நுனி பிளந்து, விரல் பட்டாலே ஒடிந்தது. கடைசியில் முடிவெட்டுகிறவர் வந்து பார்த்தார்.

"வெந்த முடி திரும்ப உயிர் பிடிக்காது சாரே. வேரு நல்லா இருக்கு. முழுக்க வழிச்சுப் போட்டா, மூணு மாசத்துல பழைய முடி."

"மொட்டையா?" அம்மா பதறினாள். "சபையில என்ன பேசுவாவ மக்கா?"

"முடி பொசுங்கிப் போச்சுண்ணு சொன்னா போதாதா?" என்றேன்.

போதவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்களாகி, கோயில் நேர்ச்சைகளை விட்டு இரண்டு தலைமுறைதான் ஆகியிருந்தது. ஆலயத்துக்குள் மொட்டைத்தலை வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மூப்பர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"திருச்செந்தூரா, பழனியா? எங்கடே நேந்த?"

நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் தாசனைக் கூப்பிட்டார்.

"ஏலே தாசா, நீயா இவன் தலையில சூடு வச்ச?"

முட்டத்திலிருந்து திரும்பிய துரைசானி இரண்டு பெஞ்சு தள்ளி நின்றுகொண்டிருந்தாள். தாசன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மூப்பரே."

மறுநாள் கமிட்டி கூடியது. விசுவாசத்தில் சந்தேகமுள்ளவனிடம் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாதாம். இடம் மூப்பரின் மருமகனுக்குப் போயிற்று. இண்டர்மீடியட் தேறாதவன். ஆனால் தலை நன்றாகப் படிந்திருக்கும்.

மூன்று மாதத்தில் என் முடி முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. நான் தக்கலையில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தாவானேன். இன்றும் அதே வேலைதான்.

போன மாதம் உபதேசியாரின் மகன் டைபாய்டில் கிடந்து எழுந்து, மொட்டைத்தலையோடு ஆலயத்துக்கு வந்தான். "காய்ச்சல் விட்டுதா மக்கா?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எந்தக் கோயில் என்று ஒருவரும் கேட்கவில்லை. காலம் மாறித்தான் இருக்கிறது... எனக்குத்தான் கொஞ்சம் தாமதமாக.

என் பக்கத்தில் தாசன் உட்கார்ந்திருந்தான். பங்களா வேலை போய் அவனுக்கும் நாளாயிற்று. அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகச் சொன்னான்:

"அத்தான்... அண்ணைக்கு நான் சொல்லியிருக்கணும்."

"இப்பச் சொல்லு. மூப்பர் அங்கதானே இருக்காரு."

வாசல் பக்கம் நாற்காலியில் மூப்பர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவருக்குத்தான் காது கேக்காதே அத்தான்."

"எனக்குக் கேக்கும்லா?"

தாசன் வாயைத் திறந்தான். அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது, எல்லோரும் எழுந்தோம். அவன் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து என் பக்கம் நகர்த்தினான். நான் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.