கோமுகத்துப் பனி

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், மனைவியும் நானும் காஞ்சிபுரத்திலிருந்து கங்கோத்ரிக்குப் போனோம். கங்கை புறப்படும் பனிப்பாறையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை. அது இருக்கும் கோமுகத்துக்கு வழி காட்டி வந்த குதிரைக்காரர் ஒரு பெரிய பாறையருகே நின்று, தன் சிறு வயதில் பனி இதுவரை இருந்தது என்றார். பக்கத்து வீட்டு உருதுக்காரர்களோடு பழகியதில், அவர் பேசிய இந்தி என் மனைவிக்குப் புரிந்தது. குதிரை அதற்குமேல் போகாது; இன்னும் அரை மணி நேரம் நடக்க வேண்டும். அவளுக்கோ முழங்கால் வலி.

“இங்கியே உக்காந்துடலாமாம்மா?” என்றேன்.

“அது பின்னால போய்க்கினே இருக்குது. நாம உக்காந்தா இன்னும் தூரமாயிடும். வாங்க.”

நான் வெள்ளை மலையை எதிர்பார்த்திருந்தேன். அங்கே இருந்த பனியில் மண்ணும் கல்லும் ஒட்டியிருந்தன. அடியிலிருந்து தண்ணீர் இரைச்சலோடு கொட்டியது. கரையில் விழுந்து கிடந்த ஒரு பனிக்கட்டியின் மேல் அவள் இரண்டு கைகளையும் வைத்து, விரல்கள் சிவக்கும்வரை எடுக்கவேயில்லை.

எங்கள் ஊர்ப் பாலாற்றில் வருடத்தில் பாதிநாள் மணல்தான் என்று குதிரைக்காரரிடம் சொன்னாள். அவர் நம்ப முடியாமல் பார்த்தார். பிறகு, அப்படியானால் வயிறு நிறையக் குடியுங்கள் என்றார். குடித்தோம். பல்லெல்லாம் கூசியது. இருவரும் சிரித்துக்கொண்டே மறுபடியும் குனிந்து அள்ளினோம்.