கெராங்கிடம் கொடுத்த முத்து

பெரிய மனிதர்களைப் புகழ்ந்து நான் எந்தக் காரியமும் சாதித்ததில்லை. ஆனால் ஒரு கெராங் சிப்பியை ஐந்து நாள் விடாமல் புகழ்ந்திருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது. பினாங்கில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு ஓடிய காலம். சூலியா தெருவில் வாப்பாவின் கடை கீழே, குடியிருப்பு மாடியில்.

எல்லாம் மாமாவின் முட்டையில் தொடங்கியது. மாமா என்றால் உம்மாவின் தம்பி. மன்னார் முத்துக்குளிப்பில் மூன்று வருஷம் தோணியில் நின்று மூழ்குகிறவர்களுக்குக் கயிறு பிடித்துவிட்டு, கப்பலேறி எங்களிடம் வந்து சேர்ந்தவர். அந்த மூன்று வருஷத்தில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு முத்து. அதைப் பொன்னில் பதித்துச் சட்டைக் கழுத்துக்குப் பொத்தானாகப் போட்டிருந்தார். முகம் கழுவாமல்கூட வெளியே போவார், அந்தப் பொத்தான் இல்லாமல் போகமாட்டார். முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. “பொண்ணு வீட்டுக்காரன் மொதல்ல கழுத்தத்தான் பாப்பான். பார்வை மூஞ்சிக்கு ஏறுறதுக்குள்ள பேசி முடிச்சிறணும்” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா எனக்கு வித்தை காட்டுவதாகச் சொல்லி, ஒரு கோழிமுட்டையை ஊறுகாய்க்கு வைத்திருந்த புளிப்புக் காடிக்குள் போட்டார். முட்டையின் உடம்பெல்லாம் குமிழ் கிளம்பியது. மறுநாள் எடுத்துக் கழுவினார். பழுப்பு ஓட்டைக் காணோம். மெல்லிய தோலைப் போர்த்திக்கொண்டு வெள்ளை வெளேரென்று ஒரு முட்டை, அமுக்கினால் அமுங்கியது.

“ஓடுங்கிறது சுண்ணாம்புதான் மருமவனே. காடி தின்னுருச்சு” என்றார்.

அவர் சொன்ன காரணம் என் காதில் ஏறவில்லை. பழுப்பாக உள்ளே போனது வெள்ளையாக வெளியே வந்தது. அது போதும் எனக்கு.

அதற்கு அடுத்த வாரத்து ஞாயிறு என் அக்காளுக்கு நிக்காஹ். லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். உம்மா தன் கல்யாணத்தில் போட்டிருந்த இரண்டு முத்துகளை, மகளின் புதுத் தோட்டில் பதிப்பதற்காகப் பஞ்சில் சுற்றி ஒரு தகர டப்பியில் வைத்திருந்தாள். நிக்காஹுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் நகைப் பத்தர் வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு முத்தில் மஞ்சள் படர்ந்திருக்கிறதென்று லாத்தாவுக்குக் குறை. “ஒண்ணு மல்லிகப் பூ, ஒண்ணு வாப்பாவோட பல்லு” என்று முனகிக்கொண்டிருந்தாள்.

தம்பி என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்? முட்டை வெளுத்த அதே சனிக்கிழமை மத்தியானம் அந்த மஞ்சள் முத்தை எடுத்து, யாருக்கும் தெரியாமல் காடியில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தபோது மஞ்சள் போயிருந்தது. கூடவே முத்தும் போயிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு காய்ந்து உருண்டது போல ஒன்று என் உள்ளங்கையில் கிடந்தது. சட்டையில் வைத்துத் தேய்த்தேன். சட்டை வெளுத்தது, முத்து மின்னவில்லை.

சீனாவுக்கு ஓடிவிடுவது என்று முடிவு செய்தேன். சீனா எந்தப் பக்கம் என்று தெரியாததால் கக்கூஸில் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கே உட்கார்ந்து அழுது, அழுகை அலுத்துப்போன பிறகு வெளியே வந்து, முத்து இருந்த பஞ்சுக்குள் ஒரு சவ்வரிசியை வைத்துச் சுற்றினேன். நாலடி தள்ளி நின்று பார்த்தேன். பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இன்னும் பரவாயில்லை.

ஆனால் பத்தர் கண்ணை மூடிக்கொண்டு நகை செய்கிறவரல்ல. மாமாவிடம் போனேன்.

“மாமா, முத்து எப்படி வருது? மழைத்துளி சிப்பிக்குள்ள விழுந்துதானே?”

“மழைத்துளியா? மூணு வருசம் தோணியில நனைஞ்சேன். எனக்குள்ள ஒண்ணும் வெளையலயே.” மாமா பீடியைக் கீழே வைத்தார். “உள்ள ஏதாச்சும் புகுந்து உறுத்தும்டா. எடுத்து வீச அதுக்குக் கையா காலா? தன்னோட ஓட்டக் கட்டுற சுண்ணாம்பையே அதும்மேல பூசும். பூசிப் பூசி வழவழன்னு ஆக்கிரும். அப்புறம் உறுத்தாதுல்ல.”

“சுண்ணாம்பு எங்க வாங்கும்?”

“கடல் தண்ணியிலதான் கரைஞ்சு கெடக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும்.”

“எத்தன நாளாகும்?”

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அது சிப்பியோட மனசப் பொறுத்ததுலா. நல்லவிதமாப் பேசுனா அஞ்சே நாள்ல முடிச்சுக் குடுத்துரும்.”

விளையாட்டுக்குச் சொன்னது. நான் விரல் விட்டு எண்ணினேன். வெள்ளிக்கிழமைக்குச் சரியாக இருந்தது.

பாசாரில் ஒரு மலாய்க்காரப் பெண்மணியிடம், கைவசமிருந்த காசுக்கெல்லாம் கெராங் வாங்கினேன். தெருக்கோடிப் படித்துறைக்கு ஓடிப் பால்டின்னில் கடல்நீர் மொண்டுவந்தேன். கொல்லைப்புறத்தில் தண்ணீர்ச் சாடிக்குப் பின்னால் ஒரு பழைய பேசின். பெரிய கெராங் ஒன்றுக்கு முன்னால் ஈர்க்குச்சியோடு குந்திக் காத்திருந்தேன். தண்ணீர் தெளிந்ததும் அது மெல்ல வாயைத் திறந்தது. முத்தை உள்ளே தள்ளினேன். டக்கென்று மூடிக்கொண்டது. வேலையை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டினேன். மற்றவற்றை அதற்குத் துணையாக விட்டுவைத்தேன்.

பிறகு தினமும் தண்ணீர் மாற்றுவதும் புகழ்வதும்தான் வேலை. “உங்கள மாதிரி வேலக்காரர் இந்த ஊர்லயே கெடையாது. அவசரமில்ல. ஆனா வெள்ளிக்கெழம காலையில பத்தர் வர்றாரு” என்பேன். சத்தமாகப் பேசினால் பூச்சு நடுங்கிவிடுமோ என்று தாழ்ந்த குரலில் பேசுவேன்.

புகழ்ந்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கெராங்கின் முதுகை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். விசிறி மடிப்பு போல வரிகள். அவற்றுக்குக் குறுக்கே, அது வளர்ந்த கணக்கைச் சொல்லும் கோடுகள். உளி இல்லை, உலை இல்லை. ஊர்க்காரர்கள் கல்லைச் சுண்ணாம்பாக்கச் சூளை மூட்டுகிறார்கள். இது சேற்றில் கிடந்தபடியே தண்ணீரைக் கல்லாக்குகிறது. முத்துச் சிப்பியும் இதே சுண்ணாம்பைத்தான் எடுக்கிறதாம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில்லுகளாக்கி, ஓடு வேய்வது போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே பசை வைத்து ஒட்டுகிறதாம். பளபளப்பு அந்த அடுக்கில் இருக்கிறது. கெராங்குக்கு அந்த அடுக்கு வராது. நான் பத்தரிடம் கொடுக்க வேண்டிய வேலையைக் கொத்தனாரிடம் கொடுத்திருந்தேன். அதற்காக அதன் கைவேலையில் குறை சொல்ல முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் ஓதப் போயிருந்த இடத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். சாடிக்குப் பின்னால் பேசினைக் காணோம். மேலே போனால் கல்யாணத்துக்கு முன்கூட்டியே வந்துவிட்ட உறவினர்கள் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரிய தட்டு நிறைய அவித்த கெராங், பக்கத்தில் மிளகாய்ச் சம்பல். சிவப்பு நூலை யாரோ அறுத்தெறிந்திருந்தார்கள்.

“மாமாதான் வாங்கி வச்சிருக்கும்னு அவிச்சுட்டேன்” என்றாள் உம்மா.

அன்றைக்கு நான் தின்றது போல் இந்தத் தீவில் யாரும் கெராங் தின்றிருக்க மாட்டார்கள். மற்றவர் கை தட்டுக்குப் போவதற்குள் என் இரண்டு கையும் அங்கே இருக்கும். ஒவ்வொன்றையும் பல் படாமல் நாக்கால் துழாவி விழுங்கினேன். வாயில் சம்பல், கண்ணில் தண்ணீர். யார் தாடை அசைந்தாலும் என் உயிர் அங்கே போய்த் தொங்கியது.

“புள்ளைக்கு இந்த வயசுலயே என்னா பசி” என்றார் வந்திருந்த பெரியவர் ஒருவர்.

“மாப்புள வீட்டுக்காரங்களுக்குத் தெரியாமப் பாத்துக்கங்க. சம்பந்தம் நின்னுரும்” என்றாள் லாத்தா.

எல்லோரும் சிரித்த அந்த நேரத்தில்தான் மாமாவின் வாயிலிருந்து ‘கடக்’ என்று ஒரு சத்தம் வந்தது. எனக்கு மட்டும்தான் கேட்டது. மாமா மெல்லுவதை நிறுத்தினார். நாக்கால் எதையோ கன்னத்துக்குள் தள்ளினார். தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டே சாப்பாட்டை முடித்து எழுந்தார்.

கொல்லைப்புறத்தில் அவர் கால் பக்கத்தில் நின்று, காடியிலிருந்து சவ்வரிசி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். லாத்தாவின் கல்யாணம் நின்றுவிடும், உம்மா என்னை ஜப்பான்காரனுக்கு விற்றுவிடுவாள் என்று, நடக்கப்போவதையும் சேர்த்துச் சொன்னேன். மாமா மூடிய கைக்குள் எட்டிப் பார்த்தார். எனக்குக் காட்டவில்லை.

“மின்னுதா மாமா?”

மாமா மறு கையால் கழுத்துப் பொத்தானைத் திருகினார்.

“மின்னுது. ஒன் கெராங் கெட்டிக்காரக் கெராங்” என்றார்.

அப்பேர்ப்பட்ட கெராங்கை அவித்துத் தின்றுவிட்டோமே என்று அடுத்த அழுகை வந்தது. சாயங்காலம் மாமா என் கையைப் பிடித்து அந்தச் சவ்வரிசியை வைத்தார். “ஒண்ண வச்சுப் பாயாசம் காய்ச்ச முடியாது மருமவனே. தூக்கிப் போடு.”

மறுநாள் காலை பத்தர் டப்பியைத் திறந்தார். பஞ்சில் இரண்டு முத்து, இரண்டும் மல்லிகை. லாத்தா மாற்றி மாற்றிப் பார்த்தாள். “இத்தன நாளும் என் கண்ணுலதான் கோளாறு போல” என்றாள். பெருமையில் எனக்கு மூச்சு முட்டியது.

நிக்காஹ் அன்று மாமா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்க, உம்மா அவர் கழுத்தருகே சிப்பி ஓட்டில் அறுத்த சாதாரணப் பொத்தான் ஒன்றை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்த பிறகும் தம்பியின் நெஞ்சிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. பக்கத்தில் மாமாவுக்குப் பெண் கொடுக்க யோசித்திருந்த ஒரு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மாமா முத்துப் பொத்தானத் தொலச்சிட்டாரு. மூணு வருசம் கயிறு புடிச்சுச் சம்பாதிச்சத ஒரே நாள்ல தொலச்சிட்டாரு” என்று நான் கூடத்துக்கே கேட்கும்படி கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமா எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார். “இதுவும் சிப்பிதான்லா. முத்துக்குத் தம்பி மொற” என்று பொத்தானைத் தட்டிக்காட்டினார்.

அவருடைய முத்து லாத்தாவின் காதில் ஆடிக்கொண்டிருந்தது. நானோ அதைப் பார்க்கும்போதெல்லாம் கெராங்கை நினைத்து மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.