எலும்பில்லாத தாழி

தரங்கம்பாடிக் கோட்டையின் அருங்காட்சியகத்தில் இடுப்பளவு உயரமுள்ள ஒரு முதுமக்கள் தாழி இருந்தது. அதன் முன்னால் நின்ற அத்தை நகரவே இல்லை. நானும் அத்தை மகளும் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு, மேலே ஏறிக் கடற்காற்றும் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தோம். அப்போதும் அங்கேயேதான் நின்றிருந்தார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஆலங்குடிக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர். மொபெட்டில் கடைவீதிக்கு வந்தால் நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் திரும்ப மாட்டார். மகள் நடை பழகும் வயதில், மாமா வளைகுடாவில் ஒரு சரக்குப் படகில் வேலைக்குப் போனார். படகு கவிழ்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. மற்றவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. மாமாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணால் பார்க்காமல் எதையும் செய்ய மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டதால் கருமாதி நடக்கவில்லை. பொட்டும் தாலியும் அப்படியே இருந்தன. அதன்பிறகு மாமாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச்செடுத்ததில்லை. மகளும் அப்படியே வளர்ந்து, படித்து, வேலைக்கும் போய்விட்டாள்.

அவளுக்கு மயிலாடுதுறைப் பக்கம் வரன் அமைந்தபோதுதான் சிக்கல் வந்தது. கல்யாணப் பத்திரிகையில் மாமாவின் பெயருக்கு முன்னால் 'திரு' என்று போடுவதா, 'தெய்வத்திரு' என்று போடுவதா? அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். அப்பா தயங்கித் தயங்கி அத்தையிடம் கேட்டார். அத்தை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அந்த நிலையில்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் கடலைப் பார்க்கலாமே என்று அத்தை மகள் ஆசைப்பட, நான் காரைக் கோட்டைக்குத் திருப்பினேன்.

"இதுக்குள்ள எலும்பு இருந்துச்சாங்க?" அத்தை அங்கிருந்த காவலாளியிடம் கேட்டார்.

"சிலதுல இருக்கும்மா. இதுல ஒண்ணும் இல்லையாம். உடம்பு கெடைக்காம போனவங்களுக்கும் இப்படி வச்சிருப்பாங்கன்னு சொல்றாங்க" என்றார் அவர்.

அத்தை தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்து வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூப்பிடவில்லை.

பட்டுக்கோட்டை தாண்டியதும், காட்டுமாவடிப் பக்கம் வண்டியை விட முடியுமா என்று கேட்டார். பேராவூரணிக் கடைவீதியில் இறங்கி ஒரு சின்ன மண்கலயமும் கொஞ்சம் பச்சரிசியும் எள்ளும் வாங்கிக்கொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. எனக்குப் புரிந்திருந்தது.

காட்டுமாவடியில் கடல் அலையில்லாமல் குளம்போலக் கிடந்தது. அத்தை, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீர்வரை நடந்தார். நான் பின்னால் போனேன்.

"ஒங்கப்பா செத்துட்டாரு, தாயி. நாந்தான் ஒன்னைய அழவிடாம வச்சிருந்தேன்."

அவள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அத்தை அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். அழுகை ஓய்ந்ததும் இருவரும் சேர்ந்து அரிசியையும் எள்ளையும் போட்டுக் கலயத்தைத் தண்ணீரில் விட்டார்கள். கொஞ்சதூரம் மிதந்து போய், சாய்ந்து, மூழ்கியது. அத்தை தாலியைக் கழற்றி மகளின் கையில் கொடுத்தார். பொட்டை அழிக்கவில்லை. அது இருக்கட்டும் என்றார்.

கரைக்கு வந்ததும், என் அப்பாவுக்குப் போன் போட்டுத் 'தெய்வத்திரு' என்றே அடிக்கச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். மறுமுனையில் அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

திரும்பும் வழியில் அத்தை மகள்தான் முதலில் பேசினாள். அப்பா உயரமா, குட்டையா என்று கேட்டாள். நெட்டை என்றார் அத்தை. வாசல்படியில் தலையை இடித்துக்கொள்ளாத நாளே கிடையாதாம். முருங்கைக்காய் பிடிக்காதாம். பெண் பார்க்க இரவல் சைக்கிளில் வந்து, போகும்போது அதை மறந்துவிட்டு நடந்தே போனாராம். அதைச் சொல்லும்போது அத்தை சிரித்துவிட்டார். அவள் கேட்கக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இருவரும் இறங்கவில்லை. நான் இன்ஜினை அணைத்துவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.